நாற்பது நொடி

டொக்கும் ஊரில் பனி. டார்ட்ஸ் அரையிறுதி.
என் கைபேசியில்
அம்பு இன்னும் விரலிடுக்கில்.
சுவருக்கு அப்பால் ட்யாலிங்
கத்தியாயிற்று.

அவருக்குக் கேபிள். எனக்கு இணையம்,
நாற்பது நொடி தாமதம்.
அவர் தொண்டையில் தைத்த பிறகே
என் பலகையில் தைக்கும்.
'ச்சே' என்றால் கம்பியில் பட்டுத் தெறித்தது.
நாற்காலி சாய்ந்தால் நூற்றெண்பது.

வேலித் தகராறு. மூன்று வருடமாய்ப் பேச்சில்லை;
ஆனாலும் எல்லா முடிவையும்
முதலில் அவர்தான் சொல்கிறார்.

இன்று கடைசி செட். மீதி முப்பத்திரண்டு.
சுவர் ஊமை.
முதல் அம்பு வெளியே.
அடுத்தது எனக்குத் தெரியாது.
உள்ளங்கை வேர்க்கிறது.

கதவை யாரோ இடிக்கிறார்கள்.
வெறும் காலுறையோடு பனியில் ட்யாலிங்:
"கேபிள் போச்சு.
அடிச்சானா?"

"உள்ளே வாங்க.
இங்கே இன்னும் எறியவில்லை."