அட்டை

வேலை வாரம் திங்களன்று தொடங்கியது.
ஆளுக்கொரு அட்டை தந்தார் சார்:
திகதி, செய்த வேலை, கிடைத்த பணம்,
வேலை தந்தவர் கையொப்பம்.

எங்கள் சிறுத்தை அணியில் ஆறு பேர்.
கழுத்துப்பட்டி ஐந்து.
லோகிதனுடையது
அவன் அம்மா பழைய சேலையில் தைத்தது;
பச்சை கொஞ்சம் கூடுதல்,
தூரத்தில் நின்றால் தெரியாது.
அதனால் அணிவகுப்பில் அவன் எப்போதும் கடைசி.

அணிக்குத் தலைவன் நான்.
எனக்கு மேலே துருப்பு, அதற்கு மேலே
மாவட்ட ஆணையாளர், அவருக்கும் மேலே
கொழும்பில் ஒரு மாடிக் கட்டடமாம்.
நாங்கள் சேர்க்கும் காசு அந்தப் படிகளில் ஏறிப் போகும்,
கொஞ்சம் இறங்கி வரும், கூடாரம் வாங்கலாம்.
இன்னும் வரவில்லை.

பங்களாவில் கார் கழுவினோம்: முந்நூறு.
பொகவந்தலாவை டவுனில் மாவு மூட்டை அடுக்கினோம்:
நூறும், ஆளுக்கொரு பணிஸும்.
"லயத்துப் பக்கம் போகாதீங்கடா,
அங்க யாருகிட்ட காசிருக்கு?" என்றான் தியோகு.

நான் போனேன்.
மழை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பேச்சாயி அக்கா
வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.
மூன்று விரலால் சல்யூட் வைத்தேன்.
"ஏதாவது வேலை இருந்தா தாங்கக்கா."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
மறுபடி சிரிப்பானது.
"வேலையா? என்கிட்டயா?
ரெண்டு கிலோ கொறையுதுன்னு
அரைப்பேர் போட்டுட்டாங்கடா இன்னைக்கு."

பிறகு காலை நீட்டினார்.
கணுக்காலில் மூன்று, விரலிடுக்கில் ஒன்று,
குடித்துக் கொழுத்து மினுங்கின.
"குனிய முடியல. இடுப்பு. எடுத்துவிடு தம்பி."

தயாராக இரு என்பது எங்கள் வாசகம்.
பையில் கயிறு இருந்தது, விசில் இருந்தது,
உப்பு இல்லை.
அவர் அடுப்படியில் தேடி எடுத்து வந்தேன்.
ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழுந்தன.
இரத்தம் நிற்கவில்லை;
கழுத்துப்பட்டியை அவிழ்த்துக் கட்டினேன்,
சோதனையில் இரண்டு தடவை பிழைத்துப்போன
அதே தட்டை முடிச்சு.
அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.
இருபது ரூபாய்.
கையொப்பம் கோணலாய், முழுப் பெயரும்,
கட்டத்துக்கு வெளியே போய்.

கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை,
எந்நேரமும் பிறருக்கு உதவி என்று
மனப்பாடமாய்ச் சொல்லும்போது
இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

அட்டைகள் ஹட்டனுக்குப் போயின.
ஒன்று மட்டும் திரும்பி வந்தது, சிவப்பு மையோடு:
"செய்த வேலை: அட்டை எடுத்தல்.
எந்த அட்டை? விளக்கவும்."

என் பட்டியில் கறை போகவில்லை.
அணிவகுப்பில் இப்போது
கடைசியில் இரண்டு பேர்.

விளக்கம் எழுத ஒரு வரிதான் இடம்.
"காலில் இருந்தது" என்று எழுதினேன்.