பதினொன்று

சாட்ஸ்வர்த், யூனிட் மூன்று.
சமூக சேவகி ம்கீஸே வந்து
என் மகள் காலில் இருந்த
கன்றிய நீலங்களை எண்ணினார்.
பதினொன்று.
யார் அடித்தது என்று தெஷ்னியைக் கேட்டார்,
பார்த்தது என் கைகளை.

பள்ளிப்பை இடித்தது, என்றாள்.
கட்டில் விளிம்பு. அப்புறம் பூனை.
பூனை, என்று எழுதிக்கொண்டார்.

பதினான்கு மாதம்.
பக்கத்து வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அவளுக்குத் தலை பின்னிவிடுவதை நிறுத்தினேன்.

கேட்டோ மேனர் பெரியாஸ்பத்திரியில்
மருத்துவர் அவள் முழங்கைத் தோலை இழுத்தார்.
அது வந்துகொண்டே இருந்தது.
கொலாஜன், என்றார்.
தோலையும் மூட்டையும் ரத்தக் குழாயையும்
சேர்த்துப் பிடிக்கிற நார்.
இவளுக்குப் பிடி தளர்ந்தே பிறந்திருக்கிறது.
யாரும் அடிக்கவில்லை என்று
முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தார்.

பிறகு, கட்டைவிரலை மடக்கி
முன்கையைத் தொடுங்கள் என்றார்.
தெஷ்னியிடம் இல்லை, என்னிடம்.

பள்ளிக்கூடத்தில் இருபது சென்ட் வாங்கிக்கொண்டு
நான் செய்துகாட்டிய வித்தை.

தொட்டது.

பதினொன்றையும் கொடுத்தவன் நான்தான்,
ம்கீஸேயிடம் எப்படிச் சொல்வேன்?

தெஷ்னி தன் விரலை மடக்கி
என் விரல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
என்னோடது இன்னும் நல்லா வளையுதுப்பா,
அஞ்சு ராண்ட் குடு.