இரண்டாவது பிரேக்

கோணவட்டத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை.
அதன் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்கு.
பூவராகன் என் தங்கையைக் கட்டியவன், வெல்டர்.
நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள்.
கல்யாண வீட்டில்கூட நாலு வார்த்தை பேசாதவர்கள்
ஒரு மாருதி எண்ணூறைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டப்போவது இரண்டே பேர் உட்காரும் வண்டி.
கூரை இல்லை, கதவு இல்லை.
தரையில் சாக்கட்டியால் வரைந்து
அதற்குள் என்னை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லி
முழங்கால் மடங்கிய இடத்தில் ஒரு கோடு போட்டான்.
அந்தக் கோட்டிலிருந்துதான்
இரும்புக் குழாய்கள் எழும்பி நிற்கின்றன இப்போது.

மிச்சமெல்லாம் இந்த வெள்ளை வண்டி தர வேண்டும்.
பதினெட்டாயிரம்.
கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகைக்குப் போட்ட
நாலு துளை வழியாக மழை இறங்கி
தரைத் தகடு அப்பளமாகியிருந்தது.
ஒன்பது வருஷம் முன்பு நான் ஓட்டக் கற்றதும் இதில்தான்.
அதை பூவராகனிடம் சொல்லவில்லை,
சொன்னால் விலை பேசும்போது இளகிவிட்டேன் என்பான்.
இளகித்தான் இருந்தேன்.

முதல் வாரம் சீட்டுகள்.
அடியில் ஏழு பேனா மூடி, ஒரு கொலுசுத் திருகு,
எல்.எல்.ஆர். நகல் ஒன்று, போட்டோ மட்டும் எலி தின்றது.
அடுத்து ஒயர்.
கழற்றிய போல்ட்டுகளைக் காலாவதியான சாம்பிள் பாட்டில்களில் போட்டு
எங்கிருந்து, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டினேன்.
"இன்னா, ரிப்போர்ட் எப்ப வரும்?" என்றான்.
மூன்றாவது வாரம் சித்திரை வெயில்.
நிழலில் வைக்க மறந்த ஸ்பேனர்
கையில் கொப்புளம் எழுப்பியது.
செயின் பிளாக்கில் எஞ்சின் மெல்ல எழுந்து
ஒரு கன்றுக்குட்டி கனத்துக்கு ஆடியது.
இத்தனை காலம் முன்னால் இருந்தது
இனி எங்கள் முதுகுக்குப் பின்னால்.

கடைசியில் பெடல்கள்.
டிரைவருக்கு மூன்று,
பக்கத்தில் சொல்லித்தருபவருக்கு இரண்டு,
நடுவே இணைக்கும் கம்பி.
மண்ணெண்ணெய்யில் துடைத்து வரிசையாக வைத்தேன்.

வலப்பக்க பிரேக்கின் ரப்பரில்
கோடுகள் புதுசுபோல இருந்தன.
இடப்பக்கத்தில் ரப்பரே இல்லை.
இரும்பு தேய்ந்து
பளபளத்தது, குதிகால் உயரச் செருப்பின் முனை அளவுக்கு
ஒரு குழி.

ஜெபக்கனி மிஸ்ஸின் கால்.
"கிளட்ச்ச விடும்மா, உயிர விடாத" என்பார்,
கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு.
கிரீன் சர்க்கிளில் ஒரு மாலை
டவுன் பஸ்ஸுக்கு ஒரு சாண் முன்னால்
வண்டியை நிறுத்தினேன்.
ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன் அதை.
என் கணவர் வீட்டாருக்குப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னேன்.

கை துடைக்காமல் போன் போட்டேன்.
"மிஸ், அன்னிக்கு சர்க்கிள்ல
பிரேக் போட்டது நீங்களா, நானா?"
பின்னால் யாரோ கியரை நறநறவென்று கடிக்கும் சத்தம்.
"எத்தினி சர்க்கிள்மா, எத்தினி பேரு.
வண்டி நின்னுச்சா இல்லியா?
எம்மா, வண்டிய பாரு, வண்டிய பாரு..."
போன் கட் ஆனது.

பூவராகன் இரண்டாவது பிரேக்கை
எடைக்குப் போடும் குவியலில் எறிந்தான்.
"நம்ப வண்டிக்கு இது இன்னாத்துக்கு?"

இதற்கு ஆர்.டி.ஓ. நம்பர் தரப்போவதில்லை.
கீழ்மொணவூரில் அவன் சித்தப்பாவின் மாந்தோப்பு,
அதற்குள் முந்நூறு அடி மண் பாதை, அவ்வளவுதான் எங்கள் ரோடு.
தெரியும்.

குவியலிலிருந்து அதை எடுத்துவந்தேன்.
எந்த பாட்டிலிலும் நுழையவில்லை.
லேபிளை மட்டும் அதன் கழுத்தில் கட்டினேன்:
இடது. தரையிலிருந்து ஆறு அங்குலம்.

இரண்டு பேர் வண்டி.
யார் ஓட்டுவதென்று இன்னும் பேசிக்கொள்ளவில்லை.
யார் ஓட்டினாலும்
இன்னொருவருக்கும் ஒரு கால் இருக்கும்.