ஏழு நொடி

வூச் நகரத்தில் நவம்பர் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
என் வேனில் நூற்று முப்பத்தெட்டுப் பொட்டலங்கள்.
கையிலிருக்கும் கருவிக்குப் பொறுமை கிடையாது:
வாசலுக்கு ஏழு நொடி,
எட்டாவதில் சிவப்பாகக் கத்தும்.
மணி அடிப்பேன், எண்ணுவேன்,
'ஆள் இல்லை' என்று ஒரு சீட்டு ஒட்டுவேன்,
இரண்டிரண்டு படியாக இறங்குவேன்.
பதினோரு வருடம்.
தூக்கத்திலும் என் கால்கள்
யாருடைய மூன்றாம் மாடிக்கோ ஏறிக்கொண்டிருக்கும்.
விடியும்போது கெண்டைச்சதை கல்.

ஒருநாள் ரொட்டிக்கடை வரிசையில்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தியின் பின்கழுத்தைப் பார்த்து
மனசுக்குள் நான் சொன்னதை
இங்கே எழுத மாட்டேன்.
அவள் திரும்பி, "நீங்கள் முதலில் வாங்குங்கள்" என்றாள்.
முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கிறது.

அதனால்தான் போனேன்.
வீட்டில் முழங்கால் வலி என்று பொய் சொல்லிவிட்டு.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம்.
மூலையில் காற்றிறங்கிய கூடைப்பந்து, பழைய ரப்பர் நெடி.
யோகா சொல்லித்தரும் ராதோஸ்வாவ் தீயணைப்புப் படையில் வேலை,
ஒரு புருவம் பாதி பொசுங்கியவன்.
ஆசனங்களின் பெயர்களைப் போலந்து நாக்கில் போட்டு
எலும்போடு மென்றுவிடுவான்.
கடைசியில், "பிணம்போலக் கிடங்கள்" என்றான்,
"எல்லாவற்றிலும் இதுதான் கஷ்டம்."
பக்கத்துப் பாயில் டிராம் ஓட்டுநர்; அவருக்கு என்ன கஷ்டம்,
படுத்ததும் குறட்டை.

எனக்கு வரவில்லை.
பிணத்துக்குள் ஒருத்தி உட்கார்ந்து
கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்:
டீசல், நாளைய பாதை, அக்காவுக்குத் தரவேண்டிய பாக்கி.
"தாடையை விடு" என்று ஒரு குரல் தலைமாட்டில்.
தாடை ஒன்று எனக்கு இருப்பதே
அப்போதுதான் தெரிந்தது.
விட்டேன்.
கைகொள்ளாமல் சுமந்து நிற்கையில்
யாரோ ஒன்றை வாங்கிக்கொண்டதுபோல்
காதுவரைக்கும் இளகியது.

அதை அமைதி என்று சொல்ல மாட்டேன்.
இரைச்சல் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது.
நான் கொஞ்ச நேரம் கரையில் இருந்தேன்,
அவ்வளவுதான்.

பிறகு ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டு வகுப்புக்கு நான் போகவுமில்லை.
ஆறாம் வாரம் ஒரு சிவப்பு விளக்கில்
வேன் கண்ணாடியில் பனி விழுவதைப் பார்த்தேன்.
துடைப்பான் வந்து சேர்வதற்குள்
ஒவ்வொன்றும்
இருந்துவிட்டுப் போனது.
பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்தினான்.
போன மாதம்வரை அந்த ஹாரன் நான்.

இன்று கடைசிப் பொட்டலம்.
நான்காம் மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம்.
கதவில் கஷுபா என்று பெயர்.
எத்தனை சீட்டு ஒட்டியிருப்பேன் இந்தக் கதவில்!
பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட
இங்கே ஆள் இருந்ததில்லை.

மணி அடித்தேன்.
ஏழு.
கருவி கத்தியது. கோட்டுப் பைக்குள் போட்டேன்,
அங்கே கிடந்து கத்தட்டும்.
நாலு எண்ணி இழுத்தேன்.
ஆறு எண்ணி விட்டேன்.
மறுபடி இழுத்தேன்.

அப்போது கேட்டது
தரையில் செருப்பு தேய்கிற சத்தம்.
நிற்கிறது.
சுவரில் ஒரு கை ஊன்றுகிறது.
தேய்கிறது.
நிற்கிறது.
எந்த எண்ணில் எண்ணுவதை விட்டேனோ
தெரியவில்லை.

கதவு திறந்தது.
"இருக்கிறீர்களா?" என்றார் அவர்.
நான் கேட்கவேண்டிய கேள்வி.

பொட்டலத்தில் பூனைக்கு மணல், எட்டுக் கிலோ.
சமையலறைவரை கொண்டுபோய் வைத்தேன்.
பூனை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொல்வார்கள் நாளைக்கு,
கிடங்கில் அதற்கென்று ஒரு படிவம் உண்டு,
விரல் அகலக் கட்டம்.
'ஆள் இருந்தார்' என்று எழுதலாம்.
கட்டத்துக்குள் அடங்கும்.

ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
சுருக்கென்றது முழங்கால்.
அட, நான் சொன்னது
பொய்யில்லை போலிருக்கிறது.