சாட்சிக் கண்ணாடி

வெள்ளம் வடிந்த மாதம்
பொதுப்பணித் துறையிலிருந்து வந்தார்
ஓவர்சியர் தெய்வசிகாமணி.
மஞ்சக்குப்பம் குவார்ட்டர்ஸ், மாடி வீடு, எண் ஏழு.
கூடத்துச் சுவரில்
காலண்டர் ஆணியிலிருந்து ஜன்னல் மூலைவரை
ஒரு கோடு.
யாரோ பென்சிலால் இழுத்ததென்று நினைத்து
மகனை அடித்தும் இருந்தேன்.

விரல் நீளக் கண்ணாடித் துண்டை
விரிசலின் குறுக்கே வைத்து
இரு முனையிலும் சாந்து அப்பினார்.
பக்கத்தில் தேதி எழுதினார்.
'சுவர் நகர்ந்தா இது உடையும்.
உடைஞ்சா எனக்கு போன் பண்ணுங்க.
உடையாதவரைக்கும் ஒன்னுமில்ல.'
மோர் குடித்தார். போனார்.

பல் துலக்கியபடி
கண்ணாடியைப் பார்ப்பது காலை வேலைகளில் ஒன்றானது.
அடுப்படியிலிருந்து அஞ்சுகம் கேட்பாள்:
'இருக்கா?'
'இருக்கு.'
அன்றைய பேச்சு அத்தோடு சரி
என்று ஆன நாள் எது?
அதற்கு யாரும் தேதி எழுதவில்லை.

வாசற்கதவு தரையில் உரசத் தொடங்கியது.
மழைக்கு மரம் ஊதும் என்றேன்.
சித்திரையிலும் உரசியது.
லேசாகத் தூக்கித் தள்ளப் பழகிக்கொண்டோம்.
வந்தவர்களுக்குத்தான்
எங்கள் வீட்டைத் திறக்கத் தெரியவில்லை.

மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைவரை நடப்போம்.
பிறகு பாலம்வரை.
பிறகு பால் பூத்வரை.
பிறகு
பாலை வீட்டுக்கே போடச் சொல்லிவிட்டோம்.

டிவிச் சத்தம் பன்னிரண்டில் இருந்தது.
பதினாறு ஆனது.
பக்கத்து வீட்டு லூர்துமேரி சுவரைத் தட்டிய இரவு
திரையில் முப்பத்தொன்று.
'தலை வலிக்குது, இன்னிக்கு உள்ளே படுத்துக்கறேன்'
என்றாள் அஞ்சுகம்.
இன்னிக்கு என்றுதான் சொன்னாள்.
தலையணை திரும்பி வரவில்லை.
நானும் கேட்கவில்லை,
கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்ததே என்று.

சண்டையா? இல்லவே இல்லை.
எங்கள் பிளாக்கில் சத்தம் போடாத தம்பதி நாங்கள்தான்,
டிவியைக் கழித்தால்.
புயல் ஒன்று வந்து வேப்பமரத்தைச் சாய்த்தது.
மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனான்.
கண்ணாடி
கீறல்கூட விழாமல் இருந்தது.
ஒட்டடை அடிக்கும்போது
அதைமட்டும் துணியால் துடைத்துவைத்தாள் அவள்.

பங்குனியில் நான் ஓய்வு.
வீட்டை ஒப்படைக்கப் பார்வையிட வந்தாள்
உதவிப் பொறியாளர் இன்பரசி,
என் மகனைவிட இளையவள்.
கண்ணாடியைப் பெருமையோடு காட்டினேன்:
'பாருங்க, இத்தனை வருஷம். உடையவே இல்ல.'

நகத்தால் தொட்டாள்.
கதவுபோலத் திறந்துகொண்டது அது,
ஒரு முனையில் தொங்கியபடி.

'இந்தப் பக்கம் பிடிப்பே இல்லையே சார்.
எப்பவோ விட்டிருக்கு.
ரெண்டு பக்கமும் பிடிச்சிருந்தாத்தானே
உடையும்?'

விரிசலுக்குள் அவள் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகினாள்.
அகலம் பார்க்கத்தான்.
விரலை எடுத்ததும்
உள்ளே போய்விட்டது.
'விழற சத்தம் கேட்டுச்சா சார்?'
தலையாட்டினேன்.

அடுப்படியிலிருந்து அஞ்சுகம்
'என்ன விழுந்துச்சு?' என்று கேட்டாளாம்.
இன்பரசிதான்
என் காதருகே வந்து
எடுத்துச் சொன்னாள்.