எட்டுத் துளி

மூணு நாளாச் சரிஞ்சு மிதக்குது.
செட்டையோரம் சிவப்புக் கோடு.
வாய் மட்டும் மேலே வந்து காற்றைக் கொறிக்குது.
"நித்திரையாக்கும்" என்கிறார் இவர்,
தோஹாவிலிருந்து வந்து பதினாறு நாள்.

கல்முனை ஆஸ்பத்திரியில்
ஊராருக்கெல்லாம் ரத்தம் பார்க்கிறவள் நான்.
மீனில் ஊசி குத்தவா?
தண்ணியை எடுத்தேன்.
ஐந்து மில்லி, எட்டுத் துளி, மறுகா எட்டு,
குலுக்கி ஐந்து நிமிசம்.
மஞ்சளாய் நிற்க வேண்டியது
பச்சைக்குப் போனது.

நோய் மீனில் இல்லை.
அது மூச்சுவிட்டு, தின்று, கழித்துக் கிடக்கிற
இரண்டடிக் கண்ணாடிக்குள்.

அடியில் ஊறிக் கிடந்த தீனியைக்
குழாயால் உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்:
"நாளைக்கு எத்தனை தரம் போடுறீங்க?"
"என்னைக் கண்டா
அதுதானே ஓடி வருது" என்றார்.
கதவுச் சீலைக்குப் பின்னால்
நுஹாவின் கால்விரல்கள்.

நேற்றே பிடித்துவைத்த வாளி. குளோரின் பறந்திருக்கும்.
மூன்றில் ஒரு பங்குதான் மாற்ற வேணும்,
முழுக்க மாற்றினால் தாங்காது.
இவர் தூக்கிச் சரித்தார்.
சீலை அசைந்தது.
"மெல்ல ஊத்துங்க" என்றாள்,
வாப்பா என்று சேர்க்காமல்.

மீன் இன்னும் சரிஞ்சுதான்.
நாளைக்குத் தீனி இல்லை என்று
டப்பாவை என் கைப்பையில் போட்டேன்.