வடிதாள்

டாஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கும்.
தேதி, பங்க், லிட்டர், கிலோமீட்டர்.
சவாரி ஏறுகிறவர்கள் சீட்டுக் கணக்கா என்பார்கள்.
இல்லை, என் வண்டி குடிக்கிற கணக்கு.

காளவாசலில் போட்டால் பதினாறரை கொடுத்தது.
ஒத்தக்கடையில் பதினாறு.
செக்கானூரணியில் பதினைந்து;
அன்றே அந்தப் பங்கை அடித்துவிட்டேன், சிவப்பு மையால்.
சித்திரை பிறந்தது,
எங்கே போட்டாலும் பதின்மூன்று.
ஊரே கூடி எனக்கு மட்டும்
மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுகிறதோ?

கப்பலூர் டோல்கேட்டுக்கு முன்னால், உச்சி வெயில்.
ஜீரோ பார்த்துக்கோங்கண்ணே என்றாள் ஜெனிதா.
ஜீரோ இருக்கட்டும்மா, வடிதாள் இருக்கா?
எது?
பில்டர் பேப்பர். கேட்டா குடுக்கணும்னு
அந்தா, உங்க போர்டுலயே போட்டிருக்கு.

அவள் போர்டைப் படித்தாள், முதல்முறையாக.
பின்னால் ஆம்னி வேன் ஹாரன் அடித்தது.
மேனேஜர் ஒச்சப்பன் மூன்று இழுப்பறை திறந்தார்:
பழைய சாவி, தேய்ந்த ரப்பர் ஸ்டாம்பு,
பாண்டி கோயில் திருநீறு,
கடைசியில் உறை பிரிக்காத ஒரு கட்டு.

நாசிலின் வாயைத் துணியால் துடைத்து
ஒரு சொட்டு.
நாலு தலைகள் அதன்மேல் குனிந்தன,
ஹாரன் அடித்தவருடையதும் சேர்த்து.
ஈரம் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் படர்ந்தது,
ஓரத்திலிருந்து வெயில் அதை நக்கிக்கொண்டே வந்தது,
ரெண்டு நிமிஷம் ஆகவில்லை,
தாள் வெள்ளை.
தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
சூரியன் தெரிந்தது, கறை தெரியவில்லை.

அடர்த்தியும் பாத்துருவமா என்றார் ஒச்சப்பன்,
இப்போது அவருக்கே ஆசை வந்துவிட்டது.
கண்ணாடிக் குடுவையில் மிதவை முங்கி எழுந்து
போர்டில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் நின்றது.

அப்புறம் வண்டிக்கு என்னதாண்ணே?

சொல்லவில்லை.
நோட்டில் ஏறாத மதியங்கள் உண்டு.
ரயில்வே ஜங்ஷன் எதிரே, நிழல் இல்லாத ஓரத்தில்,
கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, என்ஜின் ஓட ஓட
மூன்று மணி வரை வாய் பிளந்து தூங்கியவை.
சக்கரம் உருளாத தூரத்தை
எந்தக் கட்டத்தில் எழுத?

டேங்க் நிறையப் போடும்மா என்றேன்.
சிவப்பு மை அழிகிற மை இல்லை.
செக்கானூரணிக்குப் பக்கத்திலேயே
சின்ன எழுத்தில் சேர்த்தேன்:
அன்றும் தூக்கம்.